கயிறு யார் கையில்?

'குளித்தல்' என்னுஞ் சொல்லுக்கு இன்று நாம் பெரும்பாலும் கொள்ளும் பொருள் நீராடுதல் ஒன்றே. பண்டைத் தமிழில் மூழ்குதல், உட்புகுதல், மறைதல் ஆகிய பொருள்களும் அதற்கு உண்டு. முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னுந் தொடர்களில் அப்பழம்பொருள் இன்றும் அழியாது நிற்கின்றது. குளத்தில் ஓரிடத்தில் அமிழ்ந்து மற்றோரிடத்தில் எழும் சிறு பறவையை முக்குளிப்பான் என்கிறோம். ஆழ்நீரில் மூழ்குவோனை ஈழத்துத் தமிழர் சுழியோடி என்பர். ஒரு செயலைக் குறிக்க ஒரு மொழியில் இத்தனை சொற்கள் வழங்குமாயின், அச்செயல் அம்மக்களுக்கு நெடுநாட் பழக்கமானது என்பது சொல்லாமலே விளங்கும்.

தொழிலாக இருந்த இச்சுழியோடுதல் நம் காலத்தில் விளையாட்டாகவும் ஆகிவிட்டது. காற்றடைத்த சிலிண்டரை முதுகிற் கட்டி, வாயிற் பொருத்திய கருவியால் மூச்செடுத்துக்கொண்டு, மீன்களோடு மீனாக உலாவும் 'ஸ்கூபா' முறை, 1943 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டினரான ஜாக் கூஸ்தோ, எமில் கஞ்ஞான் என்னும் இருவர் ஆக்கிய கருவியினின்று வளர்ந்தது. விடுமுறையைக் கழிக்கக் கரிபியன் கடற்றீவுகளுக்குச் செல்லும் மேனாட்டார், அங்கே கரைதோறும் காணப்படும் சுழியோடல் நிலையங்களுள் எதனைத் தெரிந்துகொள்வது எனத் திகைப்பர். அத்திகைப்பு இன்று நம் வாசலுக்கும் வந்துவிட்டது. நிலாவெளி, பாசிக்குடா, இக்கடுவை முதலிய நம் நாட்டுக் கரைகளிலும் அத்தகைய நிலையங்கள் உள்ளன.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை ஏறக்குறைய 150 கிலோமீற்றர். பள்ளி விடுமுறையில் ஆசிரியரும் மாணவரும் குடும்பத்தாரும் கோணேசர் கோயிலைத் தரிசித்து, நிலாவெளிக்குச் சென்று, வள்ளமேறிப் புறாத்தீவைக் காண்பது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. 2003 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அத்தீவைச் சூழ்ந்து பவளப்பாறைகள் உள்ளன. 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும், அவர் நண்பர் மைக் வில்சனும் சுழியோடிய கடல் அது. சுவாமிமலைப் பாறையின் அடியில், போர்த்துக்கேயர் இடித்த பழங்கோயிலின் சிதைவுகளை வில்சன் கண்டதும் அங்கேதான். ஆதலின், கடலடியைக் காணவேண்டும் என்னும் ஆசை இளைஞர் உள்ளத்தில் எழுவது இயல்பே.

மலையகத்துப் பிள்ளைகளுள் நீந்தப் பழகியோர் சிலரே. கரையிலோ, ஒவ்வொரு நிலையத்தாரும் வண்ணப் பலகை நாட்டி, ஒருவரைவிட மற்றவர் விலை குறைத்து அழைக்கின்றனர். எதனை நம்பி உயிரை ஒப்படைப்பது? இவ்வினாவுக்கு விடையை நம் முன்னோர் தொழிலிலேயே தேடலாம்.

மந்திரமும் கயிறும்

மன்னார்க் கடலின் முத்துச்சலாபம் உலகறிந்தது. அரிப்பு, சிலாவத்துறை ஆகிய கரைகளை அடுத்து நிகழ்ந்த 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. குளிப்போன் ஒரு கனத்த கல்லில் காலூன்றி, அதன் பாரத்தால் விரைந்து கீழிறங்குவான். ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளை வலைப்பையில் அள்ளிக் கயிற்றை அசைப்பான். வள்ளத்தில் நிற்பவன் அவ்வசைவை அறிந்த கணமே இழுக்கவேண்டும். அவன் கண்ணயர்ந்தாலும் கதைபேசி நின்றாலும் கீழே உள்ளவனுக்கு மறுமூச்சு இல்லை.

அக்கயிற்றை மைத்துனன் கையிற் கொடுப்பதே மரபு என்று தமிழகத்திற் கூறுவர். மலைத்தேன் எடுப்போரைப் பற்றியும் இவ்வாறே கூறுவதுண்டு. உடன்பிறந்தான் இருக்க மைத்துனன் எதற்கு? உடன்பிறந்தானுக்குப் பங்காளி என்றொரு பெயரும் உண்டு. மைத்துனனுக்கோ, கயிற்றின் மறுமுனையில் இருப்பது தன் தமக்கையின் அல்லது தங்கையின் மங்கலநாண். எல்லாக் கரைகளிலும் எல்லாக் காலத்தும் இவ்வாறே நடந்தது என்று சொல்வதற்கில்லை; கூலிக்குக் கயிறு பிடித்தோரும் பலர். ஆயினும் இவ்வழக்கின் உட்கருத்து ஆழமானது. திறமை மட்டும் போதாது. நம் உயிர் போனால் தானும் இழப்பவன் எவனோ, அவன் கையிலேயே கயிறு இருத்தல் வேண்டும்.

முத்துச்சலாபத்தில் இன்னொருவரும் இருந்தார். அவர் கடல்கட்டி, சுறாக்களின் வாயை மந்திரத்தாற் கட்டுபவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அம்மந்திரகாரருக்கு உரியது என்கிறார். ஆங்கிலேயர் ஆட்சியிலும் அப்பதவி நீடித்தது. 1859 இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் எமர்சன் தெனன்று சுவையான செய்தியொன்று கூறுகின்றார். அவர் சென்றபோது கடல்கட்டி நோயுற்றிருந்தமையால் பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். அப்பதிலாளுக்கு மந்திரம் தெரியாது. ஆயினும், தலைவரின் பேராளாகத் தாம் அங்கிருப்பதையே சுறாக்கள் மதித்து விலகும் என்று அவர் உறுதி கூறினாராம்.

இதனைப் படித்து நகைப்பது எளிது. கடல்கட்டியின் மந்திரம் குளிப்போனுக்கு நெஞ்சுரம் தந்தது, அதுவும் வேண்டுவதே. ஆனால் அவனை மேலே கொண்டுவந்தது கயிறு. இன்றைய கரையிலும் இவ்விரண்டும் உள்ளன. வண்ணப் பலகை, சுவரில் தொங்கும் சான்றிதழ், சிரித்த முகத்துப் படங்கள் ஆகியவை மந்திரம். நம்மோடு நீருக்குள் வருபவரின் கையும் கண்ணும் கயிறு. தெரிவு செய்வோர் மந்திரத்தைக் கண்டு மயங்காமல் கயிற்றைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

இடர் இடம் மாறியது

நிற்க. அன்றைய முத்துக்குளிப்புக்கும் இன்றைய ஸ்கூபாவுக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை முதலில் உணர்தல் நன்று. முத்துக்குளிப்போன் மேலே எடுத்த மூச்சோடு இறங்கி அதே மூச்சோடு ஏறினான். அவனுக்கு இடர் பெரிதும் கீழேயே இருந்தது. சிலிண்டர் கட்டியவனோ கீழேயே மூச்செடுக்கின்றான். ஆதலின் அவனுக்குப் பேரிடர் மேலே வரும் வழியில் இருக்கின்றது.

கடல்மட்டத்தில் நம்மேல் உள்ளது ஒரு வளிமண்டல அமுக்கம். கடலில் 10 மீற்றர் இறங்கினால் அது இரண்டாகும். 20 மீற்றரில் மூன்றாகும். அமுக்கம் இரட்டித்தால் வாயுவின் கனவளவு பாதியாகும் என்னும் போயிலின் விதியை நம் மாணவர் அறிவர். 10 மீற்றர் ஆழத்தில் நுரையீரல் நிறைய மூச்செடுத்த ஒருவன், அச்சத்தால் மூச்சையடக்கி மேலே பாய்ந்தால், அக்காற்று இருமடங்காக விரிய முயலும், நுரையீரல் கிழியும். நீச்சற் குளத்து ஆழத்திலேயே இது நிகழக்கூடும். ஆகவேதான் 'ஒருபோதும் மூச்சடக்காதே' என்பது ஸ்கூபாவின் முதற் பாடம். மூச்சடக்குதலே முத்துக்குளிப்பின் முதற் பாடமாய் இருந்தது என்பதை நினைக்குங்கால், பழையதை அறிந்தோரும் புதியதைக் கற்றே ஆகவேண்டும் என்பது விளங்கும்.

இரண்டாம் இடர் நைதரசனால் வருவது. அமுக்கத்தில் மூச்செடுக்கும்போது நைதரசன் குருதியிலும் தசையிலும் கரைகின்றது. மெல்ல ஏறினால் அது சுவாசத்தின் வழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல உடலுக்குள் குமிழிகள் எழும். மூட்டுநோவு முதல் கால் வழங்காமைவரை விளைவுகள் உண்டு; உயிர்போதலும் உண்டு. இந்நோயின் காரணத்தை 1878 இல் பிரெஞ்சு அறிஞர் பால் பேர் விளக்கினார். படிப்படியாக ஏறும் முறையை 1908 இல் ஹோல்டேன் வகுத்தார். நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீற்றருக்கு மிகாமல் ஏறுக, 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தங்குக என்பன இன்று பரவலாகக் கைக்கொள்ளப்படும் நெறிகள்.

கேட்கவேண்டிய வினாக்கள்

இவ்வறிவோடு ஒரு நிலையத்துக்குட் புகுவோமாயின், கேட்கவேண்டியவை தாமே புலப்படும்.

முதலாவது, நம்மோடு நீருக்குள் இறங்குபவர் யார்? பலகையிற் பெயருள்ள ஆசானா, தெனன்று கண்ட பதிலாளைப் போன்றவரா? பதிலாளைச் சுறா மதிக்கலாம், அமுக்கம் மதிப்பதில்லை. பிரித்தானியாவில் 1953 இலும், அனைத்துலக அளவில் 1959 இலும், அமெரிக்காவில் 1966 இலும் தொடங்கப்பட்ட சுழியோடற் கழகங்கள் பயிற்சிக்கு நெறி வகுத்துள்ளன. இத்தகைய கழகங்கள் ஆசான்களுக்கு எண் வழங்குகின்றன. அவ்வெண்ணைக் கேட்டு இணையத்தில் ஒப்புநோக்கலாம். கேட்டதற்குச் சினப்பவரிடம் மேலும் பேச வேண்டியதில்லை.

இரண்டாவது, ஓர் ஆசானுக்கு எத்தனை பேர்? அவருக்கு இருப்பன இரு கண்களும் இரு கைகளுமே. முதன்முறை மூழ்குவோர் இருவராயின் நன்று; நால்வருக்கு மேலாயின் விலகுக. வகுப்பறையில் நாற்பது பேரை மேய்க்கும் ஆசிரியர்களாகிய நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. வகுப்பறையில் ஒருவன் கவனம் சிதறினால் ஒரு பாடம் போகும். கடலிற் போவது வேறு.

மூன்றாவது, எவ்வளவு ஆழம்? பயிற்சியின்றி முதன்முறை மூழ்குவோருக்கு 12 மீற்றரே எல்லை. முதற்படிச் சான்று பெற்றோருக்கு 18. மேற்பயிற்சி பெற்றோருக்கு 30. பொழுதுபோக்குச் சுழியோடலின் முடிவெல்லை 40. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கின்றது. அது சிறப்புப் பயிற்சியுடையோர்க்கே உரியது. அனுபவமில்லாதவரையும் அங்கே அழைத்துச் செல்வேன் என்று ஒருவர் கூறுவாராயின், அவர் பெருமை பேசுவது நம் உயிரை முதலாக வைத்து.

நான்காவது, கருவிகளின் நிலை என்ன? சிலிண்டரின் தோளில் சோதித்த நாள் பொறிக்கப்பட்டிருக்கும். ஐந்தாண்டுக்கொருமுறை அமுக்கச் சோதனையும் ஆண்டுதோறும் உட்பார்வையும் பல நாடுகளின் வழக்கம். காற்றடைக்கும் எந்திரம் எங்கே நிற்கின்றது என்றும் பார்த்தல் வேண்டும். அது உறிஞ்சும் வாய்க்கருகே எந்திரப் புகை வருமாயின், காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சு சிலிண்டருக்குட் புகும். அவ்வாயுவுக்குத் தனக்கென மணமில்லை. ஆயினும், வாயில் வைத்து ஒருமுறை மூச்செடுக்கும்போது எண்ணெய் நாற்றம் வீசுமாயின், அக்காற்றை மறுப்பதே அறிவு.

ஐந்தாவது, வள்ளத்தில் ஒட்சிசன் உண்டா? நோயுற்றால் எவ்வைத்தியசாலைக்கு எவ்வளவு நேரத்திற் கொண்டுசெல்வார்? இதற்குத் தயங்காது விடை கூறுபவர் முன்னரே எண்ணிப் பார்த்தவர். 'அப்படியொன்றும் நடவாது' என்பவர் எண்ணிப் பாராதவர்.

இனி, நாம் கேட்பவற்றினும் அவர் நம்மைக் கேட்பவை முதன்மையானவை. தொய்வு உண்டா, இருதய நோய் உண்டா, காதில் சீழ் வடிந்ததுண்டா, தடிமன் பிடித்திருக்கின்றதா, நீந்தத் தெரியுமா என்றெல்லாம் எழுத்தில் கேட்கும் நிலையமே நன்னிலையம். தடிமன் உள்ளவருக்குக் காதின் அமுக்கத்தைச் சமன்செய்ய இயலாது, செவிப்பறை கிழியும். பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு வினாவும் வினவாதவர், நம்மை ஓர் ஆளாக அன்றி ஒரு நுழைவுச்சீட்டாகவே காண்கின்றார்.

மலைக்குத் திரும்புவோர்

மலையகத்தாராகிய நமக்கென்றே ஒரு வினா உண்டு. 'இன்றிரவு எங்கே செல்வீர்?' என்பது அது. இதனைக் கேட்கும் ஆசானைக் கண்டால் அவரை நம்பலாம்.

எவ்வாறெனின், சுழியோடியபின் உடனே விமானம் ஏறலாகாது என்பதைப் பலர் அறிவர். ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருத்தல் வேண்டும் என்பது பொது நெறி. உயரே செல்லச் செல்ல வளிமண்டல அமுக்கம் குறைதலால், உடலில் எஞ்சிய நைதரசன் குமிழியாகக்கூடும். ஆனால் அமுக்கத்துக்கு விமானமும் தெரியாது, பேருந்தும் தெரியாது. உயரம் ஒன்றே தெரியும். கடல்மட்டத்திலிருந்து 600 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களுக்கும் அக்காத்திருப்பு வேண்டும் என்பர் வல்லோர்.

மாத்தளை நகரம் ஏறக்குறைய 360 மீற்றர் உயரத்தில் உள்ளது, அது எல்லைக்குட்பட்டது. ஆனால் இரத்தோட்டையைக் கடந்து நக்கிள்ஸ் மலைச்சரிவில் ஏறினால், 600 மீற்றரைத் தாண்டிய தோட்டங்கள் பல. றிவர்ஸ்ரன் பக்கம் 1,000 மீற்றருக்கும் மேல். நுவரெலியாவோ 1,868 மீற்றர். நண்பகலில் நிலாவெளியிற் சுழியோடி, மாலையில் வண்டியேறி, இரவு தோட்டத்து வீட்டிற் படுக்கும் இளைஞன், விமானத்தில் ஏறாமலே விமானத்தின் இடரை அடையக்கூடும். தோள்மூட்டு நோவு, தோலிற் புள்ளி, காலில் மரமரப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் அதனைப் பயணக் களைப்பென்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருத்தல் ஆகாது. கடலில் மூழ்கியதை வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். கூறாவிடின், மலையூர் வைத்தியருக்கு அது நினைவில் எழுவது அரிது.

ஆகவே சுழியோடலைப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைத்தலாகாது. முதல் நாளிலே மூழ்கி, மறுநாள் கோணேசரையும் கன்னியா வெந்நீரூற்றுக்களையும் கண்டு, அதற்கடுத்த நாள் மலையேறுவதே முறை.

தெரிவு இல்லாதோர்

விடுமுறைக்குச் செல்வோர் நாடும் அதே கரிபியன் கடலுக்கு வேறொரு முகமும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெனிசுவேலாவை அடுத்த குபாகுவா என்னும் சிறு தீவில் ஸ்பானியர் முத்துக்குளிப்பு நடத்தினர். பகாமாத் தீவுகளின் லூக்கயர் என்னும் பழங்குடியினரை அடிமைகளாகக் கொணர்ந்து, ஓய்வின்றி மூழ்கச் செய்தனர். அவர்கள் கூட்டங்கூட்டமாக மாண்டதை லாஸ் காசாஸ் பாதிரியார் 1552 இல் வெளியிட்ட நூலில் எழுதி வைத்துள்ளார். கயிறு பிடிப்போனைத் தெரியும் உரிமை அவர்களுக்கு இல்லை.

அது பழங்கதை என்று அமைதலும் இயலாது. அக்கடலின் ஹொண்டூராஸ் கரையில் வாழும் மிஸ்கிற்றோ மக்கள், ஏற்றுமதிக்காகச் சிங்கிறால் பிடிக்கச் சிலிண்டருடன் மூழ்கினர். போதிய பயிற்சியும் நற்கருவியும் இன்றி ஒரே நாளிற் பலமுறை ஆழத்துக்கு இறங்கி, அவர்களுட் பலர் கால் வழங்காதவர் ஆயினர். 42 சுழியோடிகளின் வழக்கில், அரசு அவர்களைக் காக்கத் தவறியது என 2021 ஆம் ஆண்டு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டருடன் மூழ்கும் தொழிலாளரை இந்நோய் தாக்குகின்றது.

இதனை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. விளையாட்டுக்காக மூழ்கும் நமக்குத் தெரிவு இருக்கின்றது. வயிற்றுக்காக மூழ்குவோர் பலருக்கு அஃது இல்லை. ஆகவே நிலையத்தைத் தெரியும்போது இன்னுமொன்றை நோக்குக: அங்கே சிலிண்டர் சுமக்கும் இளைஞரும் நங்கூரம் விடுவிக்க மூழ்கும் உள்ளூரவரும் எவ்வாறு நடத்தப்படுகின்றனர்? நாளொன்றுக்கு எத்தனை முறை அவரை இறக்குகின்றனர்? தம் ஆள் ஒருவனின் உடலை எண்ணாதவர் வந்துபோகும் நம் உடலை எண்ணுவார் என்று எதிர்பார்த்தல் பேதைமை. பவளப்பாறையின்மேல் நங்கூரத்தை எறிபவரையும் இவ்வாறே மதிப்பிடலாம். தமக்குச் சோறு தரும் கடலையே பேணாதவர் வேறெதனைப் பேணுவார்?

இறுதியாக, நல்ல நிலையத்தாரை அறிவதற்கு ஒரு குறி உண்டு. அவருக்கு 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியும். திருகோணமலைக் கடல் பெரும்பாலும் சித்திரை வைகாசி முதல் புரட்டாதிவரை தெளிந்திருக்கும். இக்கடுவைக் கரை கார்த்திகை முதல் பங்குனிவரை. பருவம் மாறி நீர் கலங்கிய நாளில், பணத்தோடு வந்து நிற்பவரைப் பார்த்து 'இன்று கடல் சரியில்லை, தம்பி. இறங்க வேண்டாம்' என்று திருப்பி அனுப்புபவர் தம் ஒருநாள் வருவாயை இழக்கின்றார். நம் உயிரின்பொருட்டுத் தாமும் ஒன்றை இழக்க உடன்படுபவர் எவரோ, அவரே முன்னோர் தேடிய மைத்துனர். கயிறு அவர் கையில் இருக்கட்டும்.